சென்னையில் மோப்ப ஆய்வு தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மனிதரின் மோப்பத்தைப் பற்றிச் சிறியதாக ஓர் ஆய்வு செய்யலாம் என்று முடிவெடுத்த நாளுக்கும், முதல் பங்கேற்பாளரின் மூக்கருகே முதல் குப்பியை நீட்டிய நாளுக்கும் இடையில் எனக்குப் பதினான்கு மாதங்கள் ஓடிவிட்டன. அவற்றில் ஒன்பது மாதங்களாவது, முன்பே யாராவது சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கும். நான் மொழியியல் படித்தவன். என்னுடன் சேர்ந்தவர்களில் ஒருவர் காது மூக்கு தொண்டை மருத்துவர், இன்னொருவர் கல்லூரியில் வேதியியல் கற்பிப்பவர். மூவரும் ‘வாசனை’ என்று ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு மூன்று வெவ்வேறு பொருள்களை மனத்தில் வைத்திருந்தோம் என்பது ஐந்தாவது மாதத்தில்தான் வெளிப்பட்டது. நீங்கள் எந்தத் துறையிலிருந்து வந்தாலும் இந்த வரிசையிலேயே போங்கள். குறிப்பாக, முதல் படியை முடிக்காமல் குப்பி வாங்கக் கடைக்குப் போகாதீர்கள்.

1. எந்த மோப்பம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

மரபியலாளருக்கு மோப்பம் என்பது மண மூலக்கூறுகளைப் பிடிக்கும் மூக்கின் ஏற்பிகள். லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்செலும் 1991இல் கண்டறிந்து, 2004இல் நோபல் பரிசு பெற்ற அந்த ஏற்பி மரபணுக் குடும்பத்தில் மனிதருக்கு வேலை செய்பவை ஏறத்தாழ 400. உளவியலாளருக்கு அது மூன்று தனித்தனித் திறன்கள்: எவ்வளவு நீர்த்த மணத்தை உணர முடிகிறது என்பது ஒன்று, இரண்டு மணங்களை வேறுபடுத்த முடிகிறதா என்பது இன்னொன்று, மணத்தை அடையாளம் சொல்ல முடிகிறதா என்பது மூன்றாவது. மருத்துவருக்கு அது இழப்பு. சுற்றுச்சூழல் பொறியாளருக்கு அது ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மண அலகு என்ற எண். மொழியியலாளருக்கோ மணத்தைச் சொல்ல ஒரு சமூகத்திடம் என்னென்ன சொற்கள் இருக்கின்றன என்பதே கேள்வி. மலேயத் தீபகற்பத்தில் ஜஹாய் மொழி பேசும் மக்கள் நிறங்களுக்குப் பெயர் சொல்வதைப் போலவே மணங்களுக்கும் எளிதாகப் பெயர் சொல்கிறார்கள் என்று அசிஃபா மஜீதும் நிக்லாஸ் புரென்ஹல்ட்டும் 2014இல் காட்டிய பிறகு இந்தக் கேள்விக்குத் தனி மதிப்பு வந்திருக்கிறது.

துறைகளைச் சேர்ப்பது நல்லதுதான். ஆனால் அடையாளம் சொல்லும் சோதனையில் ஒருவர் தோற்றால், அவருடைய மூக்கு தோற்றதா, நினைவு தோற்றதா, சொல் கிடைக்கவில்லையா என்பதை அந்த ஒரு சோதனையைக் கொண்டு பிரிக்க முடியாது. ஆகவே ‘யாரிடம், எதை, எந்த அலகில் அளக்கிறேன்’ என்று ஒரே வாக்கியத்தில் எழுதி, உடன் வேலை செய்யும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் காட்டி, அவர் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இதற்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள். செலவு எதுவும் இல்லை.

இந்தக் கட்டத்தில் பலர் விழும் குழி ஒன்று உண்டு. ‘மனிதரால் ஒரு லட்சம் கோடி மணங்களைப் பிரித்தறிய முடியும்’ என்ற வரியோடு ஆய்வுத் திட்டத்தைத் தொடங்குவார்கள். 2014இல் வெளியான அந்தக் கணக்கின் கணிதம் 2015இலேயே கடுமையாக மறுக்கப்பட்டது. ‘மனிதனின் மோப்பம் மற்ற விலங்குகளைவிட மட்டமானது’ என்ற பழைய வரியும் பாதுகாப்பானதல்ல. அது 19ஆம் நூற்றாண்டுக் கட்டுக்கதை என்று ஜான் மெக்கான் 2017இல் எழுதிய கட்டுரை இப்போது எல்லோர் மேசையிலும் இருக்கிறது. துறை தெரிந்த மதிப்பீட்டாளர் இந்த இரண்டில் எதைப் பார்த்தாலும் அடுத்த பக்கத்தைப் புரட்டத் தயங்குவார்.

2. வாசிப்புக்கு வழி தேடுங்கள்

நீங்கள் அரசுக் கல்லூரியிலோ அரசுப் பல்கலைக்கழகத்திலோ இருந்தால், 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் உங்கள் நிறுவனம் சேர்ந்திருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அதன்வழி இலவசமாகக் கிடைக்கின்றன. தனியார் கல்லூரியில் இருப்பவர்களும் எந்த நிறுவனத்தையும் சாராதவர்களும் மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் இணையக் காப்பகமான பப்மெட் சென்ட்ரலில் கிடைப்பதைக் கொண்டு தொடங்கலாம். கிடைக்காத கட்டுரையை அதன் ஆசிரியருக்கே மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம். எனக்குக் கேட்டவற்றில் பாதிக்கு மேல் ஒரு வாரத்துக்குள் வந்துவிட்டன. பழந்தமிழ்ச் சொற்கள், அகராதிகள் பக்கம் போகிறவர்களுக்குத் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் எழும்பூர் கன்னிமாராவும் போதும். வாசிப்புக்கு ஆறு வாரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். மோப்ப ஆய்வு நரம்பியல், வேதியியல், மானிடவியல், உணவுத் தொழில்நுட்பம் என்று சிதறிக் கிடப்பதால், வாசித்துக்கொண்டே இருக்க எப்போதும் ஒரு காரணம் கிடைக்கும்.

3. சோதனை முறையைத் தேர்ந்தெடுங்கள்

உலகெங்கும் புழங்குபவை இரண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் டோட்டி 1984இல் உருவாக்கிய சுரண்டி முகரும் ஏடுகளில் 40 மணங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தாலும் சராசரியாகப் பத்து சரியாகிவிடும் என்பதால், ஒருவர் ஐந்துக்கும் கீழே எடுத்தால் வேண்டுமென்றே தவறாகச் சொல்கிறாரோ என்று சந்தேகிக்க வேண்டியிருக்கும். ஜெர்மனியில் தாமஸ் ஹம்மலும் அவருடைய குழுவினரும் 1997இல் வெளியிட்ட ‘ஸ்னிஃபின் ஸ்டிக்ஸ்’ பேனாக்கள் மேலே சொன்ன மூன்று திறன்களையும் தனித்தனியாக அளந்து, ஒவ்வொன்றுக்கும் 16 என 48க்கு மதிப்பெண் தருகின்றன.

இரண்டும் இறக்குமதிச் சரக்கு. விலையோடு கூரியர் கட்டணமும் சுங்கமும் சேரும். காலாவதித் தேதியும் உண்டு. அதைவிடப் பெரிய சிக்கல், மணங்களின் பட்டியல். அமெரிக்க ஏட்டில் ரூட் பியரும் பூசணிப் பையும் டில் ஊறுகாயும் இருக்கின்றன. ராயபுரத்தில் வளர்ந்த அறுபது வயதுக்காரர் ரூட் பியரை அடையாளம் சொல்லாவிட்டால், அதில் அவருடைய மூக்கின் குறை எதுவும் இல்லை. பார்க்கின்சன் நோயாளிகளுக்காக இந்தியாவில் பழக்கமான பத்து மணங்களைக் கொண்டு அமைத்த ஒரு சோதனை 2013இல் வெளியாகியிருக்கிறது; அடையாளச் சோதனை மட்டும் போதும் என்றால் அதிலிருந்து தொடங்குங்கள். எவ்வளவு நீர்த்த மணம் தெரிகிறது என்ற உணர்திறன் அளவையும் எடுக்க விரும்பினால், நாங்கள் செய்ததுபோல் குப்பிகளில் நீங்களே கரைசல் தயாரித்துக்கொள்ளலாம். ஆனால் பதிப்புரிமை உள்ள சோதனையின் விடைத்தாளை நகலெடுத்துத் தமிழாக்கிப் பயன்படுத்தாதீர்கள். மனிதரைக் கொண்டு செய்யும் ஆய்வுகளைப் பார்த்து அனுமதி தரும் எதிக்ஸ் கமிட்டி, உரிமையாளரின் அனுமதிக் கடிதத்தைக் கேட்கும்.

4. தமிழ்ச் சொற்களை முன்கூட்டியே சோதித்துப் பாருங்கள்

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மொழியியல் படித்த எனக்கே தோன்றாமல் போனது வெட்கம்தான். முதல் படிவத்தில் ‘சில நாற்றங்களை முகர்ந்து பார்க்கும்படி கேட்கப்படுவீர்கள்’ என்று எழுதியிருந்தேன். பழைய தமிழில் நாற்றம் பொதுவான மணம்தான் என்பது எனக்குத் தெரியும்; கோயில் வாசலில் பூ விற்கும் அம்மாவுக்கு அது எதற்குத் தெரிய வேண்டும்? “ஏம்பா, நாத்தத்தை மோந்து பாக்கவா என்னைக் கூப்புட்டே?” என்று கேட்டுவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

‘வாசனை’, ‘மணம்’ இரண்டும் நல்லதையே எதிர்பார்க்க வைக்கின்றன. ‘வாடை’ கெட்டதன் பக்கம் சாய்கிறது. இனிமையை மதிப்பிடச் சொல்லும் கேள்வியில் இவற்றுள் எதை வைத்தாலும் விடை முன்பே சாய்ந்துவிடும். கடைசியில் நாங்கள் ‘மூக்கில் என்ன தெரிகிறது?’ என்ற கேள்விக்கு வந்து சேர்ந்தோம். அதற்கு யாரும் முகம் சுளிக்கவில்லை.

விடைப் பட்டியலில் இன்னும் நுட்பமான பொறிகள் உண்டு. லவங்கம் என்றால் கிராம்பு, லவங்கப்பட்டை என்றால் பட்டை. இரண்டையும் ஒரே கேள்வியின் விடைகளாக வைத்தால், மூக்கு சரியாக இருப்பவரும் தடுமாறுவார். ‘கிராம்பு’, ‘பட்டை’ என்று எழுதுங்கள். ரோஜா மணம் தரும் பினைல்எத்தில் ஆல்கஹாலுக்குப் ‘பன்னீர்’ என்று விடை கொடுத்திருந்தோம். பெரியவர்கள் கல்யாண வாசலை நினைத்தார்கள், கல்லூரி மாணவர்கள் பட்டர் மசாலாவை நினைத்தார்கள். வெனிலா மணம் தரும் வெனிலினை முகர்ந்த பெரும்பாலோர் ‘ஐஸ்கிரீம்’ அல்லது ‘கேக்’ என்றார்கள். அது சரியான விடையா தவறான விடையா என்பதை முன்பே எழுதி வைக்காவிட்டால் பிறகு தகராறு வரும்.

பெயர் சொல்லும் ஆய்வு செய்கிறவர்கள், பொருளின் பெயரைத் தொடாமல் மணத்தின் தன்மையை மட்டும் சொல்லும் நம் சொற்களைத் தனிப் பத்தியில் குறிக்கும்படி தாளை அமையுங்கள். கவிச்சி, காறல், முடை, சிக்கு, ஊசல் போன்றவை அப்படிப்பட்டவை. ‘பச்சை வாசனை போக வதக்கவும்’ என்று நாம் தினமும் சொல்லும் பச்சை வாசனை, எந்த ஒரு பொருளின் வாசனையும் அல்ல. மிளகாய்த்தூளுக்கும் பூண்டுக்கும் தக்காளிக்கும் பொருந்தும் ஒரு நிலை அது. பதிவு செய்கிறவர் இவற்றை ‘விடை இல்லை’ என்று குறித்துவிட்டால் ஆய்வின் சாரமே போய்விடும். வெவ்வேறு வயது, வெவ்வேறு பகுதி என்று குறைந்தது பத்துப் பேரிடம் சொற்களைச் சோதியுங்கள். இதற்கு ஒரு மாதம் ஆகும்.

5. எதிக்ஸ் கமிட்டி: அதிக நாள் பிடிக்கும் படி

‘வெறும் வாசனைதானே, இதற்கு எதற்கு அனுமதி’ என்று நினைக்காதீர்கள். மனிதரைக் கொண்டு செய்யும் உடல்நலம் சார்ந்த ஆய்வுகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் பொருந்தும். மாணவர் ஆய்வுக்கும் விலக்கில்லை. முன் அனுமதி இல்லாமல் திரட்டிய தரவை எந்த நல்ல இதழும் ஏற்காது. பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்பதும் நடக்காது. உங்கள் நிறுவனத்தில் எதிக்ஸ் கமிட்டி இல்லையென்றால், அருகிலுள்ள நிறுவனத்தின் குழுவைப் பயன்படுத்தப் புரிந்துணர்வு ஒப்பந்தம் வேண்டும். எந்த நிறுவனத்தையும் சாராதவர், நிறுவனத்தில் பணிபுரியும் ஒருவரை முதன்மை ஆய்வாளராக வைத்துக்கொள்வதே நடைமுறையில் எளிது.

நாங்கள் கொடுக்க வேண்டியிருந்தவை: ஆய்வுத் திட்டம், ஆய்வாளர் ஒவ்வொருவரின் தன்விவரம், துறைத் தலைவரின் கடிதம், செலவுத் திட்டம், நலன் முரண்பாடு இல்லை என்ற உறுதிமொழி, வினாத்தாள், பயன்படுத்தும் ஒவ்வொரு வேதிப்பொருளின் பாதுகாப்புத் தாள், பங்கேற்பாளர் தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் ஆங்கிலத்திலும் தமிழிலும், தமிழ்ப் படிவத்தை வேறொருவர் மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றிய பிரதி, மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்திட்ட சான்று. கடைசி இரண்டும் இல்லாததால் எங்கள் விண்ணப்பம் முதல் முறை திரும்பி வந்தது. அந்தக் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும், ஆவணங்களை மூன்று வாரம் முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும் என்பதால், இரண்டு தாளுக்காக இரண்டு மாதம் போனது.

இரண்டாம் முறை திரும்பியதற்கு முழுக்க நான்தான் காரணம். ‘ஆபத்துகள்’ என்ற இடத்தில் ‘எதுவும் இல்லை’ என்று எழுதியிருந்தேன். ஆஸ்துமா உள்ளவர் கலந்துகொண்டால் என்ன செய்வீர்கள், ஒருவருக்கு மோப்பமே இல்லை என்று தெரிய வந்தால் அவரிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார்கள். இரண்டாவது கேள்வி மிக நியாயமானது. மோப்ப இழப்பு சளியாலும் வரலாம், கோவிட்டுக்குப் பிறகும் வரலாம், பார்க்கின்சன் நோயின் முன்னறிகுறியாகவும் இருக்கலாம். ஆய்வாளர் நோய் கண்டுபிடித்துச் சொல்லக் கூடாது. மருத்துவரிடம் அனுப்பும் வழியைப் படிவத்திலேயே எழுதியிருக்க வேண்டும். அத்தகையவருக்குச் சமையல் எரிவாயுக் கசிவு தெரியாது என்பதையும் நினைவில் வைத்து, கசிவுமானி வாங்கும்படி ஒரு வரி சேர்த்தோம்.

ஆபத்து மிகக் குறைவான ஆய்வுகளை முழுக் கூட்டத்துக்கு வராமல் விரைவு முறையில் பார்க்க நெறிமுறைகள் இடம் தருகின்றன. அதைக் கேட்டு எழுதுவது உங்கள் பொறுப்பு; தாமாகத் தர மாட்டார்கள். ரோஜா, யூக்கலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு என நான்கு மணங்களைத் தினம் இருமுறை முகரும் பயிற்சியைப் போல எதையாவது கொடுத்து விளைவைப் பார்க்கும் ஆய்வு என்றால், அது தலையீட்டு ஆய்வாகிவிடும். முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும். பதிவு இலவசம், ஆனால் 2018 ஏப்ரலுக்குப் பிறகு பின்தேதியிட்டுப் பதிய முடியாது.

6. பொருள்கள் வாங்குதல், கரைசல் தயாரித்தல்

வேதிப்பொருள்களுக்குப் பூங்கா நகரின் நைனியப்ப நாயக்கன் தெருவைச் சுற்றிப் பாருங்கள். பகுப்பாய்வுத் தரம் வேண்டும் என்று சொல்லி, தொகுதி எண்ணுடன் சான்றிதழ் கேளுங்கள். ‘ரோஸ் எசன்ஸ்’, ‘மல்லி அத்தர்’ என்று விற்பவை கலவைகள். அடுத்த முறை வாங்கும்போது அதே கலவை வரும் என்று சொல்ல முடியாது. அடையாளச் சோதனைக்கு நாட்டு மருந்துக் கடைப் பட்டையும் கிராம்பும் பயன்படலாம்; உணர்திறன் சோதனைக்கு ஒற்றை மூலக்கூறுதான் வேண்டும்.

கற்பூரம், மென்தால், நீலகிரித் தைலம், அம்மோனியா ஆகியவற்றை மோப்பச் சோதனையில் சேர்க்கத் தோன்றும். சேர்க்காதீர்கள். அவை குளிர்ச்சியையும் எரிச்சலையும் உணர்த்தும் முக்கிளை நரம்பையும் தூண்டுகின்றன. மோப்பம் முற்றிலும் போனவரும் ‘ஏதோ தெரிகிறது’ என்பார். மோப்ப நரம்பை மட்டும் பெரும்பாலும் தொடுபவற்றில் பினைல்எத்தில் ஆல்கஹாலும் வெனிலினும் நம்பகமானவை.

உணர்திறனுக்குப் பரவலாகப் பயன்படும் வரிசை, என்-பியூட்டனால் என்ற ஆல்கஹாலின் 4 சதவீதக் கரைசலில் தொடங்கி ஒவ்வொரு படியிலும் பாதியாக நீர்த்து 16 குப்பிகள் வரை செல்வது; பதினாறாவதில் 0.00012 சதவீதம்தான் இருக்கும். கரைப்பான் மட்டும் உள்ள வெற்றுக் குப்பிகளும் வேண்டும். பழுப்புக் கண்ணாடிக் குப்பியே வாங்குங்கள்; பிளாஸ்டிக் மணத்தை உறிஞ்சும், தன் மணத்தையும் கொடுக்கும். மூடியின் உள்ளே இருக்கும் ரப்பரை முகர்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பரவாயில்லை. பியூட்டனால் தீப்பற்றக்கூடியது, வீட்டுச் சமையலறையில் தயாரிக்க வேண்டாம். கரைசலைக் குளிரூட்டியில் வைத்து, சோதனைக்கு முன் அறை வெப்பத்துக்குக் கொண்டுவாருங்கள்.

7. அறை, பருவம், வருகிறவர்கள்

வெப்பம் கூடினால் ஆவியாவது கூடும், ஆகவே மே மாதத்து மின்விசிறி அறையில் எடுத்த அளவையும் 24 டிகிரி அறையில் எடுத்த அளவையும் ஒரே அட்டவணையில் போட முடியாது. ஏசி உள்ள, சமையலறைக்கும் கழிப்பறைக்கும் தள்ளி இருக்கும் ஓர் அறையைப் பிடியுங்கள். காலையில் அங்கே ஊதுபத்தி ஏற்றும் வழக்கம் உண்டா என்று காவலாளியிடம் கேளுங்கள். எங்கள் முதல் வாரத் தரவு அந்தப் புகையில்தான் போனது. வடகிழக்குப் பருவமழையில் பாதிப் பேருக்கு மூக்கடைப்பு, தீபாவளியிலும் போகியிலும் ஊரே புகை. பிப்ரவரி தொடக்கம் முதல் மார்ச் கடைசி வரை சென்னையில் இதற்கு ஏற்ற காலம் என்பது என் கணிப்பு.

வருகிறவர்களுக்கு முன்தினமே தொலைபேசியில் சொல்ல வேண்டியவை சில உண்டு. ஒரு மணி நேரம் முன்பிருந்து தண்ணீர் தவிர எதுவும் வேண்டாம், காபியும் கூடாது. சென்ட், தலைவலித் தைலம், மூக்குப்பொடி கூடாது. தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு வர வேண்டாம். இந்தக் கடைசி வேண்டுகோளைத் தயங்கித் தயங்கிச் சொல்ல வேண்டியிருக்கும், அதனால் ‘சோதனை முடிந்ததும் ஒரு முழம் நாங்களே தருகிறோம்’ என்று சேர்த்துக்கொண்டோம், வேலை செய்தது. குப்பியை நீட்டுகிறவரின் கைக்கும் இதே விதிகள் பொருந்தும், சோப்பு வாசனை உட்பட.

8. சோதனை நாள்

ஒன்றில் மணமும் மற்ற இரண்டில் வெறும் கரைப்பானும் உள்ள மூன்று குப்பிகளில் எது மணக்கிறது என்று கேட்டு, மிக நீர்த்ததிலிருந்து அடர்த்தி கூடும் பக்கமாக மேலே போங்கள். ஒரே படியில் இருமுறை சரியாகச் சொன்னால் கீழே இறங்குங்கள், தவறினால் மேலே ஏறுங்கள். இப்படித் திசை மாறும் திருப்பங்கள் ஏழு வந்த பிறகு கடைசி நான்கின் சராசரிதான் அவருடைய அளவு. ‘தெரியவில்லை’ என்ற விடையை ஏற்காமல் ஊகிக்கவாவது சொல்லுங்கள். ஒரு முறைக்கும் அடுத்ததற்கும் இடையே முப்பது விநாடி விடுங்கள். அவசரப்பட்டால் மூக்கு பழகிப்போய் அளவு தவறிவிடும். இடையில் காபிக் கொட்டையை முகரக் கொடுக்கும் சென்ட் கடைப் பழக்கம் இங்கே வேண்டாம், அதுவும் ஒரு மணம்தான். படிவத்தை வாசித்துக் காட்டுவதையும் சேர்த்து ஒருவருக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. ஒரு நாளைக்கு ஐந்து பேருக்கு மேல் வைத்தால் முகர்கிறவர் இருக்க, கேட்கிறவர் களைத்துவிடுவார்.

9. பணமும் நாள்களும்

நாற்பது பேருக்கு எங்களுக்கு ஆனது மொத்தம் 18,500 ரூபாய்: குப்பிகளும் சொட்டுக்குழாய்களும் 1,800, வேதிப்பொருள்கள் 4,200, இருவழி மொழிபெயர்ப்பு 3,000, அச்சு 1,500, பங்கேற்பாளரின் போக்குவரத்துக்கும் நேரத்துக்கும் தலைக்கு 200 வீதம் 8,000. அந்தப் படித்தொகையைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் பிறகு கூட்டவோ குறைக்கவோ கூடாது, ஆகவே முதலிலேயே யோசித்து எழுதுங்கள். குழுக் கட்டணம் எங்களுக்கு இல்லை. வெளியாருக்குப் பல இடங்களில் உண்டு, விண்ணப்பிக்கும் முன்பே விசாரியுங்கள்.

பிப்ரவரியில் சோதனை நடக்க வேண்டுமானால், முந்தைய ஆண்டு ஜூனில் முதல் படியைத் தொடங்குங்கள். ஆகஸ்ட் முடிவுக்குள் சொற்சோதனை முடியட்டும். செப்டம்பர் தொடக்கத்தில் ஆவணங்கள் குழுவின் மேசையில் இருக்கட்டும். ஒருமுறை திரும்பி வந்தாலும் டிசம்பர் கடைசிக்குள் அனுமதி கைக்கு வந்துவிடும். ஜனவரியில் பொங்கல் விடுமுறை கழிந்த பிறகு கரைசல் தயாரியுங்கள். அதற்கு முன் தயாரித்து வைக்க வேண்டாம். நாற்பது பேர் முடிந்ததும் மிஞ்சும் பியூட்டனாலைத் தொட்டியில் ஊற்றாமல், அதைத் தயாரித்த ஆய்வகத்தின் கழிவுக் கலனிலேயே சேர்த்துவிடுங்கள்.